மாடத்தில் உறங்கும் சிவப்பு மாத்திரை

செந்துறைப் பக்கத்தில் ஒரு சிற்றூர். வைகாசி மாதம். கிளைக் கூட்டம் முடிந்து தோழர் ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். வாசலில் முந்திரிக்கொட்டை காய்ந்து கொண்டிருந்தது. தோழருடைய மருமகள் தேநீர் கொண்டு வந்தாள். ஆறு மாதக் கர்ப்பிணி. தம்ளரை நீட்டிய கையைப் பார்த்தோம். நகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. அடுப்படியிலிருந்து திண்ணைக்கு வந்த பத்தடிக்கே அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கிற்று.

உள்ளே விளக்கு மாடத்தில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. மாத்திரை அட்டைகள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நூல் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

"என்னம்மா இது?" என்று கேட்டோம்.

"நர்சம்மா கொடுத்ததுங்க ஐயா."

"சாப்பிடுவதில்லையா?"

மருமகள் வாய் திறக்கவில்லை. மாமியார்தான் பதில் சொன்னார்: "அதைத் தின்னா குமட்டுதுங்க. வெளிக்குப் போனா கரியாட்டம் போவுது. பிள்ளையும் கறுப்பாப் பொறக்கும்னு சொல்றாங்க."

நம் தோழர் தலை குனிந்துகொண்டார். இருபது ஆண்டுகளாகக் கொடி பிடித்தவர். பஞ்சாயத்து அலுவலகத்து வாசலில் நின்று தண்ணீருக்கும் கூலிக்கும் குரல் கொடுத்தவர். அவர் வீட்டு மாடத்தில், அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மருந்து பூட்டிய பெட்டிபோல் கிடக்கிறது!

தோழர்களே, இந்தச் சிவப்பு மாத்திரையைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். அரசியல் பேசவேண்டிய பத்தியில் மாத்திரைக்கென்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை என்று 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு கணக்குச் சொல்லியிருக்கிறது. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேர். இந்தியா முழுதும் எடுத்துக்கொண்டால் பெண்களில் நூற்றுக்கு 57 பேர். பாதி வீடு படுத்துக் கிடக்கும்போது அது அரசியலில்லாமல் வேறென்ன?

அதிலும் இந்த மாத்திரை நேற்று வந்ததல்ல. சோகையைத் தடுக்க இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் தேசியத் திட்டம் 1970ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை 2013ஆம் ஆண்டில் வந்தது. 2018ஆம் ஆண்டில் 'அனீமியா முக்த் பாரத்' என்று வடமொழிப் பெயர் சூட்டி மறுபடியும் புறப்பட்டார்கள். பெயர் மாறிற்று, பெண்களின் நகம் சிவக்கவில்லை.

பெரம்பலூர், அரியலூர் இரண்டும் பழைய திருச்சி மாவட்டத்தின் வறண்ட மேட்டுப் பகுதி. பெரம்பலூர் 1995ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் ஒருமுறை பிரிந்து, மறுபடி சேர்ந்து, 2007ஆம் ஆண்டில் நிலையாகத் தனித்து நின்றது. பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல், சிமெண்டு ஆலை, முந்திரிக் காடு. பருத்தி எடுப்பவர் யார்? பெண்கள். வெங்காயம் ஆய்பவர் யார்? பெண்கள். முந்திரி பொறுக்குபவரும் பெண்களே. விடியுமுன் எழுந்து, சமைத்து, ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு, அடிச்சட்டியில் ஒட்டியிருப்பதைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இவர்கள். பலர் வெறுங்காலோடு நிற்பார்கள். வெறுங்கால் என்று சும்மா எழுதவில்லை. மலம் கலந்த ஈரமண்ணில் பிறக்கும் கொக்கிப்புழுவின் குஞ்சு காலின் தோலைத் துளைத்துத்தான் உள்ளே நுழைகிறது. குடலில் பல்லைப் பதித்துத் தொங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஏழையின் சோற்றில் பங்கு கேட்பவர் பலர் என்றால், ஏழையின் இரத்தத்திலேயே பங்கு கேட்கும் ஜந்து இது.

மாத்திரைக்குள் என்ன இருக்கிறது? 60 மில்லிகிராம் இரும்பு. 500 மைக்ரோகிராம் போலிக் அமிலம். அவ்வளவுதான்.

இரும்பு எதற்கு என்பதை ஆலைத் தொழிலாளிக்குச் சொல்லுவது எளிது. நம் இரத்தத்தில் சிவப்பு அணு என்பது மூட்டை தூக்கும் கூலியாள். நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு போய் உடம்பெங்கும் இறக்குவது அதன் வேலை. மூட்டையைத் தாங்கிப் பிடிக்கும் கொக்கி இரும்பால் ஆனது. அதைத் தன்னிடம் வைத்திருக்கும் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயர். ஒரு சிவப்பு அணு ஏறத்தாழ 120 நாள் வேலை பார்த்துவிட்டு மடியும். அதன் இரும்பை உடம்பு வீணாக்காமல் அடுத்த அணுவுக்குக் கொடுத்துவிடும். சிக்கனமான குடும்பம்தான். ஆனால் மாதவிடாயில் இரத்தம் போகிறது, பிள்ளைப்பேற்றில் போகிறது, ஒரு கர்ப்பத்துக்கு மட்டும் மொத்தமாக 1000 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு தேவைப்படுகிறது. உள்ளே வருவதோ? சோறும் ரசமும் தின்னும் வயிறு, உணவிலுள்ள இரும்பில் ஒரு சிறு பங்கைத்தான் இழுத்துக்கொள்ளும். வரவைவிடச் செலவு மிகுந்த குடும்பம் கடனில் மூழ்குவதுபோல் உடம்பு சோகையில் மூழ்குகிறது. பெண்ணுக்கு 12 கிராம் இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே போய்விட்டால், பிரசவத்தில் மற்றவர் தாங்கும் இரத்தப் போக்கை அவள் தாங்கமாட்டாள்.

இரும்பு மருந்து நம் மண்ணுக்குப் புதிதா? இல்லை. சித்த வைத்தியர்கள் பாண்டு என்றும் வெளுப்பு என்றும் இந்த நோயைச் சொல்லி அயச்செந்தூரம் கொடுத்தார்கள். அன்னபேதிச் செந்தூரம் என்பதும் அவர்களுடையதே. அன்னபேதி என்பது என்ன? இரும்பும் கந்தகமும் சேர்ந்த உப்பு. இன்றைக்கும் இரும்புச்சத்து மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் பெரஸ் சல்பேட்டுதான் அது! பிரான்சு நாட்டில் பிளோ என்ற மருத்துவர் அதே உப்பை உருண்டையாக்கி, வெளுத்துப்போன இளம்பெண்களுக்குக் கொடுத்துக் குணப்படுத்தியதை 1832ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

போலிக் அமிலத்தின் கதை வேறு. அதைத் தொழிலாளிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அது தொழிலாளிப் பெண்களின் இரத்தத்திலிருந்து பிறந்தது.

1928ஆம் ஆண்டின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கர்ப்பக் காலத்தில் கொடிய சோகை கண்டு மடிந்து கொண்டிருந்தார்கள். இரும்பு கொடுத்தும் பயனில்லை. சிவப்பு அணுக்கள் குறைந்திருந்தன. இருந்த அணுக்களோ வீங்கிப் பெருத்திருந்தன. கிருமியா, விஷமா, வேறேதாவதா என்று ஆராய ஹாப்கின் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

லூசி வில்ஸ் கிருமியைத் தேடினார்; கிடைக்கவில்லை. பிறகு அவர் செய்த காரியம்தான் நமக்குப் பிடித்தது. அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கணக்கெடுக்க ஆரம்பித்தார். யாருடைய தட்டில் காயும் கனியும் இல்லையோ அவளுக்குத்தான் நோய்! வசதியான வீட்டுப் பெண்களை அது எட்டிப் பார்ப்பது அரிது. ஏழைப் பெண் தின்னும் அதே உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்தார். குரங்குகளுக்கும் சோகை வந்தது. மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தார், குரங்கு பிழைத்தது. பெண்களுக்குக் கொடுத்தார், சாவுப் படுக்கையில் கிடந்தவர்கள் சில நாட்களில் தேறத் தொடங்கினார்கள். 1931ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அதை எழுதினார். ஈஸ்ட்டில் இருந்த அந்தப் பொருள் எது என்று அன்று யாருக்கும் தெரியாது. 'வில்ஸ் காரணி' என்று சொல்லி வைத்தார்கள்.

இந்த ஆராய்ச்சியில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1929ஆம் ஆண்டில் சில மாதங்கள் அவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்தார். 1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை திருவல்லிக்கேணியில் வேலை பார்த்தார். எந்த ஆஸ்பத்திரி? சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் என்று 1885ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஆஸ்பத்திரி. பெயர்ப்பலகையிலேயே சாதியை எழுதி வைத்திருந்த காலம் அது! இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. சனங்கள் வாயில் இன்னமும் கோஷா ஆஸ்பத்திரிதான்.

அதே திருவல்லிக்கேணியில், அவர் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு, இந்து உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவர் மெட்ரிகுலேஷன் தேறினார். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர். அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது காந்தியாரின் அழைப்பைக் கேட்டுக் கதராடை அணிந்தார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரான வெள்ளைக்காரருக்கு அது பொறுக்கவில்லை. எழுதின தேர்வில் நன்றாக எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டம் இல்லாமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கையில் கிடைத்தது.

அவர் உடன்பிறந்தவர் ஒருவர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் மாண்டு போயிருந்தார். தின்ற சோறு உடம்பில் ஒட்டாமல், இரத்தம் வற்றிச் சாகடிக்கும் நோய் அது. பிறகு சுப்பாராவ் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டில் படிப்பு, வயிற்றுக்கு? ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சிறுநீர்க் கலங்களைக் கழுவும் இரவு வேலை. பிற்காலத்தில் லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தும் பொறுப்புக்கு வந்தார். அவர் தலைமையில் இருந்த குழுதான் 1945ஆம் ஆண்டில் போலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்து காட்டிற்று. லூசி வில்ஸ் பம்பாய்ப் பெண்களிடம் தேடிய பொருள் அதுதான் என்று உலகம் தெரிந்துகொண்டது. உடன்பிறந்தவரைக் கொன்ற ஸ்ப்ரூ நோயின் சோகைக்கும் அது மருந்தாயிற்று.

லூசி வில்ஸுக்கும் ஒரு கதை உண்டு. கேம்பிரிட்ஜில் 1911ஆம் ஆண்டில் தேர்வில் தேறினார், பட்டம் கொடுக்கவில்லை. ஏன்? அவர் பெண். அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க மனம் வைத்தது 1948ஆம் ஆண்டில்! ஒருவருக்குப் பெண் என்பதால் பட்டமில்லை; இன்னொருவருக்குக் கதர் என்பதால் பட்டமில்லை. பட்டம் மறுக்கப்பட்ட இந்த இருவரும் கண்டுபிடித்த மருந்துதான் செந்துறைப் பக்கத்து மாடத்தில் நூல் சுற்றிக் கிடக்கிறது.

சுப்பாராவோடு சேர்ந்த இன்னொரு செய்தியையும் விட்டுவிட மனமில்லை. போலிக் அமிலம் அணுக்களை வளர்க்கும். இரத்தப் புற்றுநோயிலோ வெள்ளை அணுக்கள் வெறிபிடித்து வளர்கின்றன. அப்படியானால் போலிக் அமிலத்தைப் போல் வேடம் போட்டு ஏமாற்றும் பொருளைக் கொடுத்தால் அந்த வளர்ச்சி நிற்குமா? சுப்பாராவின் ஆராய்ச்சிக்கூடம் அமினோப்டெரினைச் செய்து கொடுத்தது. பாஸ்டனில் டாக்டர் சிட்னி பார்பர் அதைப் புற்றுநோய்க் குழந்தைகள் 16 பேருக்குக் கொடுத்தார். 10 பேர் தற்காலிகமாகத் தேறினார்கள். 1948ஆம் ஆண்டில் அது அச்சில் வந்தது. அதுவரை அந்த நோய்க்கு மருந்தே இல்லை. அதே வழியில் வந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் காலமானார், வயது 53.

சரி, மாமியாரின் குற்றச்சாட்டுக்கு வருவோம். குமட்டுகிறது என்றாரே, உண்மைதான். இரும்பு மாத்திரை சிலருக்குக் குமட்டும், வயிற்றைப் பிசையும், மலச்சிக்கல் தரும். அதற்காக எறிந்துவிடுவதா? இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கிப் படுத்தால் பலருக்குக் குமட்டல் தெரியாமல் போகும். சில நாட்களில் பழகியும் விடும். மலம் கறுப்பது, வயிறு இழுத்துக்கொண்ட இரும்பு போக மீதி வெளியேறுவதால். அதில் அஞ்ச ஒன்றுமில்லை. பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பது கட்டுக்கதை. நிறம் தாய் தகப்பனிடமிருந்து வருகிறதே தவிர மாத்திரை அட்டையிலிருந்து வருவதில்லை. அப்படியே கறுத்தால்தான் என்ன? கறுப்பு என்ன அவமானமா என்று அந்த அம்மாளிடம் கேட்டோம், சிரித்துவிட்டார்.

பெரிய குற்றவாளி தேநீர். நாம் அருந்திக் கொண்டிருந்தோமே, அதே தேநீர்! டீயும் காப்பியும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலுக்கு விடாது. பாலும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் அப்படியே. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ கூடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வேறு வேளைக்கு மாற்ற வேண்டும். எலுமிச்சம்பழச் சாறு, நெல்லிக்காய், கொய்யா சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். கர்ப்பிணிக்கு 180 நாள் மாத்திரை. பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள். 'களைப்புப் போய்விட்டது' என்று பாதியில் நிறுத்துவது, கடனுக்கு வட்டி கட்டிவிட்டு முதலை மறப்பதுபோல. இரத்தத்தில் ஏறினாலும் உடம்பின் களஞ்சியம் நிரம்ப மேலும் சில மாதங்களாகும். கொக்கிப்புழுவுக்கு அல்பெண்டசோல் மாத்திரை தனியாக இருக்கிறது. கர்ப்பிணிகள் மட்டும் டாக்டரைக் கேட்ட பிறகே அதைத் தொடவேண்டும். இன்னொன்று: இரும்பு மாத்திரை மிட்டாய்போல் சிவப்பாக இருப்பதால் சின்னப் பிள்ளைகள் எடுத்துத் தின்றுவிடும். அள்ளித் தின்றால் உயிருக்கே ஆபத்து. விளக்கு மாடம் பிள்ளைக்கு எட்டும் உயரம்; இடத்தை மாற்றுங்கள்.

மாத்திரையால் ஏறாதவர்களுக்கும், கர்ப்பம் முற்றி நாள் குறைவாக இருப்பவர்களுக்கும் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுகிறார்கள். இரும்பு சுக்ரோஸ் என்பது தவணை தவணையாக ஏற்றுவது. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுக்கிறார்கள். பெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற பிந்திய மருந்தை ஒரே தடவையில் 1000 மில்லிகிராம்வரை கால் மணி நேரத்தில் ஏற்றலாம். கூலியை விட்டுவிட்டுப் பலமுறை பஸ் ஏற முடியாத பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய சமாசாரம்! அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் திருச்சிக்கும் தஞ்சைக்கும் ஓடியவர்களுக்குப் பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி வந்திருக்கிறது.

வெளுப்பெல்லாம் இரும்புக் குறைவு என்றும் நினைத்துவிடக் கூடாது. தலசீமியா என்பது பிறவியில் வருவது. அந்தக் குழந்தைக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றவேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு உடம்பில் தேங்கி இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். அதற்கு இரும்பை வெளியேற்றும் டெபெராசிராக்ஸ் போன்ற மருந்து வேண்டும். அந்தக் குழந்தைக்கு இரும்பு டானிக் விஷம். நீலகிரி மலைமக்களிடம் 1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்ற ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்த அரிவாள் அணு நோய் இன்னொன்று. அதன் வலியைக் குறைக்க ஹைட்ராக்ஸியூரியா இருக்கிறது. பி12 குறைந்தவருக்குப் போலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் சோகை மறையும். நரம்பு கெட்டுக்கொண்டே போகும். ஆகவே, சந்தையில் பெட்டி விரித்து 'இரத்தம் ஊறும் டானிக்' விற்கிறவனிடம் இருநூறு ரூபாயைக் கொடுக்குமுன், ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலைக் குத்திப் பாருங்கள். அங்கே காசு கிடையாது.

இதெல்லாம் பெண்கள் சமாசாரம் என்று தோழர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். நம் தோழரும் அதைத்தான் சொன்னார். கூலி உயர்வு என்ன, போனஸ் என்ன என்று விரல்விட்டுச் சொல்லுகிறவருக்குத் தம் மருமகளின் ஹீமோகுளோபின் எண் தெரியவில்லை. கர்ப்பிணி அட்டையை எடுத்து வரச் சொன்னோம். 7.8 என்று எழுதியிருந்தது. அந்த எண்ணை அவர் அன்றுதான் முதல்முறை படித்தார்.

கிளைகளுக்கு ஒன்று சொல்லுகிறோம். உங்கள் ஊரில் கர்ப்பிணிகள் எத்தனை பேர், அவர்கள் அட்டையில் என்ன எண் என்று நர்ஸம்மாவையும் அங்கன்வாடி ஊழியரையும் உடன் வைத்துக்கொண்டு வீட்டுப் பெண்களை விட்டுக் கேளுங்கள். துணைச் சுகாதார நிலையத்தில் மாத்திரை இல்லை என்றால், என்றைக்கு இல்லை, எத்தனை நாள் இல்லை என்று தேதி போட்டு எழுதி வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுங்கள். தேதியோடு வரும் புகாருக்குப் பதில் சொல்லாமல் தப்புவது கடினம். மாத்திரை இருந்து தின்னாமல் கிடந்தால், அந்த வீட்டு ஆண்பிள்ளையை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

ஆனி மாதக் கடைசியில் அந்த வீட்டுக்கு மறுபடியும் போனோம். மாடம் காலி. அட்டைகள் உத்தரத்தில் தொங்கிய ஒரு மஞ்சள் பைக்குள் இருந்தன. மாமியார் பையை இறக்கிக் காட்டினார். நான்கு அட்டைகள் தீர்ந்து, ஐந்தாவதில் மூன்று குழிகள் காலியாக இருந்தன. கர்ப்பிணி அட்டையில் 9.4. தேநீர் வேண்டுமா என்று கேட்டார்கள். மருமகளுக்கு மட்டும் எலுமிச்சம்பழத் தண்ணீர் வந்தது.